கிரிக்கெட்டும் மற்ற ஆட்டங்களும்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் மைதானத்து ஓரத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரும், டீக்கடையில் ஸ்கோர் பார்க்கும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் கால்பந்துப் பக்கம் சாய்ந்தவன். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். கிரிக்கெட்டும் பார்ப்பேன், கடைசி ஓவர் வரை.

ஆலமரத்தடியில் வேறெதுவும் முளைக்காதுன்னு சொல்வாங்க. கிரிக்கெட்தானே மத்த ஆட்டத்தையெல்லாம் அழிச்சது?

அந்த மரம் நிழல் பரப்புவதற்கு முன்பே தரை காய்ந்துவிட்டது என்பதுதான் என் கட்சி. தேதிகளைப் பாருங்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி கடைசியாகத் தங்கம் வாங்கியது 1962-ல், ஜகார்த்தாவில். கடைசிப் பதக்கமே 1970-ல் வாங்கிய வெண்கலம். ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் ஏழாவது இடத்துக்கு விழுந்தது 1976-ல். கபில் தேவ் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையைத் தூக்கியதோ 1983-ல்.

ஆகவே இவை சரியத் தொடங்கியதற்குக் கிரிக்கெட் காரணமில்லை. சரிந்தவை மறுபடி எழாமல் போனதில் அதற்குப் பங்குண்டு. விளம்பரக் காசு, பத்திரிகையின் கடைசிப் பக்கம், பிள்ளைகளின் சாயங்காலம் எல்லாம் ஒரே பக்கம் போய்விட்டன. ஒரு விளையாட்டு ஒரு ஊரில் உயிரோடு இருக்க மூன்று வேண்டும்: ஆடுவதற்கு இடம், ஆண்டுதோறும் ஒழுங்காக நடக்கும் லீக், ஆடியவனுக்கு ஒரு வேலை. பெங்களூரில் மூன்றும் இருந்தன. மூன்றும் எப்படிப் போயின என்று கேட்டால் பதில் டி.வி. பெட்டிக்குள் மட்டும் கிடைக்காது.

எங்க தாத்தா காலத்துல கன்டோன்மென்ட் பக்கம் ஃபுட்பால்தான் எல்லாம்னு சொல்றாங்க. நெஜமா, இல்ல பழைய ஆளுங்க அளக்கிறதா?

கொஞ்சம் அளப்பார்கள். ஆனால் அடிப்படை நிஜம்.

வெள்ளைக்கார ராணுவம் இருந்த இடம் இது. பட்டாளத்துக்காரர்கள் ஆடினார்கள். பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஷூ வாங்கக் காசில்லை, வெறுங்காலில் ஆடினார்கள். பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937, 1938 இரண்டு ஆண்டும் தொடர்ந்து பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதுவரை பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவ அணிகள் தூக்கிக்கொண்டு போன கோப்பை அது.

அடுத்த பத்தாண்டில் நம் ஆட்கள் லண்டன் வரை போனார்கள். 1948 ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் ஆட்டம் பிரான்சோடு. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். 1-2 என்று தோற்றோம், அதுவும் இரண்டு பெனால்டிகளை வீணாக்கிவிட்டு. அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. இந்த ஊரில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். சச்சினின் முதல் சதம் எந்த மைதானத்தில் என்று கேட்டால் பதில் வரும்.

1962 ஜகார்த்தா அணியிலும் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள்: அருமைநாயகம், எத்திராஜ். பெயரைச் சொன்னாலே எந்தத் தெருப் பக்கம் என்று ஊகித்துவிடலாம். மாநில அணியும் சளைத்ததில்லை. மைசூர் என்ற பெயரில் நான்கு முறை, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வென்றது: 1946-47, 1952-53, 1967-68, 1968-69.

இதற்கெல்லாம் பின்னால் நின்றது தொழிற்சாலை. தொலைபேசிப் பெட்டி செய்த ஐ.டி.ஐ., விமானம் செய்யும் எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையான எம்.இ.ஜி., ரயில்வே, வங்கிகள் எல்லாம் டீம் வைத்திருந்தன. தெருவில் நன்றாக ஆடுகிற பையனை டிரையல்ஸுக்குக் கூப்பிடுவார்கள். தேறினால் வேலை. காலையில் ஷிஃப்ட், மதியத்துக்கு மேல் பிராக்டிஸ், ஒன்றாம் தேதி சம்பளம், கூடவே குவார்ட்டர்ஸ், கேன்டீன், கடைசியில் பென்ஷன். பத்தாவது தேறாத பையனுக்கும் கால் நன்றாக இருந்தால் குடும்பம் கரையேறியது. “பந்தைத் தூக்கிக்கிட்டுப் போறியா?” என்று திட்டிய அம்மாக்கள் பிறகு அதே பந்துக்குப் பொட்டு வைத்ததும் உண்டு.

தொண்ணூறுகளில் சந்தை திறந்தது. ஐ.டி.ஐ. நலிந்தது. பல நிறுவனங்களில் புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது, விளையாட்டுக்காக எடுப்பது இன்னும் குறைந்தது. எச்.ஏ.எல். அணி மட்டும் தட்டுத்தடுமாறி, அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் ஆடியது, 2012-ல் அங்கிருந்தும் கீழே இறங்கியது. நம் தெருக்களில் பந்து நின்ற கதை இதுதான். கிரிக்கெட் வந்து யாருடைய காலையும் தட்டிவிடவில்லை. பந்தாடினால் வேலை என்ற பாதை அடைபட்டது, அவ்வளவே.

கௌதமபுரத்துல பெலே சிலை ஏன் இருக்கு?

ஏன் இருக்கக்கூடாது? அல்சூரை ஒட்டிய அந்தப் பகுதியின் பழைய பெயர் கன் ட்ரூப். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா வரிசையில் பெலேயும் நிற்கிறார். உலகக் கோப்பை சமயத்தில் தெருவெல்லாம் மஞ்சள் பச்சைக் கொடி. பிரேசிலைப் பார்த்தே இராதவர்கள் பிரேசில் தோற்றால் சாப்பிடாமல் படுப்பார்கள்.

சரி, கிரிக்கெட் எந்த எடத்துல முந்திச்சு?

1982 நவம்பர், டிசம்பர் மாதங்களை வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நாட்டுக்கே கலர் டி.வி. வந்த நேரம். அந்தப் புதுப் பெட்டியில் நாடு பார்த்தது ஹாக்கி இறுதி ஆட்டம். பாகிஸ்தான் ஏழு, இந்தியா ஒன்று. ஏழே மாதம் கழித்து, 1983 ஜூன் 25 அன்று, அசைக்க முடியாத வெஸ்ட் இண்டீஸை 43 ரன்னில் வென்ற செய்தி லண்டனிலிருந்து வருகிறது. ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் இருந்திருந்தால் அவன் எந்தப் பக்கம் போயிருப்பான்?

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது, ஆனால் அதுதான் பெரிது. கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒரு முறை ஆட்டம் நிற்கும், விக்கெட் விழுந்தால் நிற்கும், தண்ணீர் குடிக்க நிற்கும். நிற்கும்போதெல்லாம் ஒரு சோப்பு, ஒரு ஸ்கூட்டர் விற்கலாம். கால்பந்தில் 45 நிமிடம் கேமராவை நகர்த்த முடியாது. தனியார் சேனல்கள் வந்ததும் இந்தக் கணக்கு எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 1993 ஹீரோ கோப்பையை யார் ஒளிபரப்புவது என்று தூர்தர்ஷன் பக்கமும் வங்காளக் கிரிக்கெட் சங்கமும் மோதிக்கொண்டது உச்ச நீதிமன்றம் வரை போனது. அலைவரிசைகள் பொதுச்சொத்து, அரசின் தனியுரிமை இல்லை என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. அதன்பின் ஒளிபரப்பு உரிமை ஏலம் போகும் சரக்காயிற்று. கிரிக்கெட் வாரியம் அதை விற்கக் கற்றுக்கொண்டது. மற்ற சங்கங்கள் யார் தலைவர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஐ.பி.எல். தொடங்கியதும் நம் ஊரில்தான். 2008 ஏப்ரல் 18, சின்னசாமி மைதானம், மெக்கல்லம் ஆட்டமிழக்காமல் 158. அந்த இரவோடு பேச்சு முடிந்தது.

பண வித்தியாசம் அவ்ளோ இருக்குமா? சும்மா பெருசா சொல்றாங்களா?

பெரிதாகச் சொல்லவே தேவையில்லை. 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுக்கான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். ஆண்டுக்கு 9,678 கோடி. மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 3,794 கோடி. ஒரு தனி லீக்கின் டி.வி. காசு, ஒரு நாட்டின் விளையாட்டு பட்ஜெட்டைப் போல இரண்டரை மடங்கு.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். அந்த ஒப்பந்தப்படி ஒரு ஐ.பி.எல். ஆட்டத்தின் மதிப்பு சராசரியாக 118 கோடி. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து மேலே கொண்டுவரும் கேலோ இந்தியா திட்டத்துக்கு அந்த ஆண்டு ஒதுக்கியது 1,000 கோடி. ஒன்பது ஆட்டத்துக்குக்கூட வராது.

கால்பந்துச் சம்மேளனம் 2010-ல் தன் வணிக உரிமை முழுவதையும் பதினைந்து ஆண்டுக்குக் கொடுத்த விலை 700 கோடி. ஆறு ஐ.பி.எல். ஆட்டத்தின் காசு.

அப்போ பி.சி.சி.ஐ. மத்த ஆட்டத்துக்குக் கொடுக்கலாமே?

கொடுத்தும் இருக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் சமயத்தில் 10 கோடி, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன் இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு எட்டரைக் கோடி. மேலே உள்ள கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் உண்டியலில் போட்ட சில்லறை.

ஆனால் “கிரிக்கெட் கொடுக்கணும்” என்ற வாதத்தில் எனக்கு ருசி இல்லை. அரசு மானியம் வாங்காமல் சம்பாதித்த காசு அது என்று அவர்கள் சொல்வார்கள். பாதி சரி. மீதிப் பாதி: சின்னசாமி மைதானம் நிற்கும் இடம் அரசு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. நகரத்தின் நடுமார்பில், கப்பன் பூங்கா ஓரத்தில் அப்படியொரு இடம் வேறெந்த ஆட்டத்துக்குக் கிடைத்தது? கேட்க வேண்டியது நன்கொடை இல்லை, கணக்கு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் இருப்பதால் கிரிக்கெட் வாரியமும் இனி அதன் வரம்புக்குள் வரும். அது எவ்வளவு தூரம் கடிக்கும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். அரசுப் பணம் வாங்காத அமைப்பை அந்தச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாக்கிதானே நம்ம தேசிய விளையாட்டு? ஸ்கூல் புக்குலயே போட்டிருக்கே?

இல்லை. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே 2012-ல் ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பதில் சொல்லிவிட்டது. புத்தகத்தில் இருந்தால் பரீட்சையில் எழுதி மார்க்கை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த ஹாக்கி எப்படி விழுந்து எப்படி எழுந்துச்சு?

இதைக் கவனித்துப் படியுங்கள். கால்பந்துக்காரர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

1928 முதல் 1980 வரை எட்டு ஒலிம்பிக் தங்கம். கடைசித் தங்கத்தின்போது, மாஸ்கோவில், கேப்டன் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். இடையில் தரை மாறிவிட்டது. 1976 மான்ட்ரியாலில் முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது. இயற்கைப் புல்லில் பந்தைக் குச்சியோடு ஒட்டவைத்து ஆடியவர்கள் நாம். புதுத் தரையில் வேகமும் பலமும்தான் பேசின. ஒரு செயற்கைத் தரைக்கு ஆகும் செலவில் நூறு பள்ளிகளுக்குக் குச்சியும் பந்தும் வாங்கிக் கொடுத்திருக்கலாம். நம்மிடம் இரண்டுக்கும் காசில்லை. புனே பக்கத்துக் கட்கியின் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை போன்ற ஒருவர் பதினைந்து ஆண்டு உயிரைக் கொடுத்து ஆடியும் ஒலிம்பிக் பதக்கம் கிட்டவில்லை. 2008-ல் பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. அந்த ஆண்டே ஒலிம்பிக் சங்கம் பழைய ஹாக்கிச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது.

எழுந்தது எப்படி? கிரிக்கெட் சுருங்கியதால் இல்லை. அதே காலத்தில் ஐ.பி.எல். ஊதிப் பெருகிக்கொண்டிருந்தது. 2018-ல் ஒடிசா அரசு இந்திய அணிகளின் ஸ்பான்சர் ஆயிற்று. தங்கவும் பயிற்சி எடுக்கவும் நிலையான இடம் நம் ஊரிலேயே, ஞானபாரதி பக்கத்தில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில். 2020 ஊரடங்கில் ஆண், பெண் இரண்டு அணிகளும் அங்கேயே அடைந்து கிடந்தன. டோக்கியோவில் 41 ஆண்டுக்குப் பிறகு வெண்கலம், பாரிஸில் மறுபடியும். ஒரு மாநில அரசு, ஒரு முகாம், ஓரளவு ஒழுங்கான சம்மேளனம். அவ்வளவு போதுமாயிருந்தது. இதைச் செய்ய கிரிக்கெட்டிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

கபடிக்கு லீக் வந்ததும் மாறிச்சே, ஃபுட்பாலுக்கு ஐ.எஸ்.எல். வந்தும் ஏன் மாறல?

கபடி டி.வி.க்கு ஏற்கெனவே தயாராக இருந்த ஆட்டம். ஒரு ரெய்டு 30 விநாடி, ஒரு ஆட்டம் 40 நிமிடம், மேலே கூரை, கீழே மேட். 2014 ஜூலையில் புரோ கபடி தொடங்கியபோது முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம். 2022-ல் பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி. 2019 ஜனவரியில் பட்டம் வென்ற பெங்களூரு புல்ஸ் அணியின் நட்சத்திரமும் அவரே. வெளிநாட்டுக் கபடியோடு ஒப்பிட்டு முகம் சுளிக்க யாருக்கும் வாய்ப்பில்லை, ஏனென்றால் உச்சம் இங்கேதான்.

கால்பந்து ரசிகனோ ராத்திரி இங்கிலாந்து லீக் பார்த்துவிட்டு மறுநாள் மாலை நம் லீக்கைப் பார்க்கிறான். கண் கூசுகிறது. இது ஒரு பக்கம். சம்மேளனத்தின் கூத்து இன்னொரு பக்கம். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா நம்மைத் தடை செய்தது, சில நாளில் நீக்கியது. 2010-ல் போட்ட அந்தப் பதினைந்து ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025-ல் முடியப்போகிறது என்று எல்லாருக்கும் பதினைந்து ஆண்டாகத் தெரியும். இருந்தும் மாற்று ஏற்பாடு இல்லாமல் ஐ.எஸ்.எல். பருவமே தள்ளிவைக்கப்பட்டது. இதற்கும் விராட் கோலியைத் திட்டுவதா?

பெங்களூரு எஃப்.சி. வந்தது நல்லதுதானே?

நல்லதுதான். 2013-ல் பிறந்து முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம், 2016-ல் ஆசிய கிளப்கள் மோதும் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதி ஆட்டம், 2018-19-ல் ஐ.எஸ்.எல். கோப்பை. வெஸ்ட் பிளாக் கேலரியில் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டால் எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் அவர்கள் ஆடும் கண்டீரவா மைதானம் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது, ஓட்டத்தடம் உள்ள தடகள மைதானம். அதைக் கால்பந்துக்குக் கொடுத்ததால் பயிற்சி கெடுகிறது என்று தடகளக்காரர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். ஒதுக்கப்பட்ட இரண்டு ஆட்டங்கள் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன, சற்றுத் தள்ளிச் சின்னசாமியில் விளக்கு எரிகிறது.

ஜனங்களே பார்க்கலன்னா யார் என்ன பண்ண முடியும்? தப்பு ரசிகர் மேலதானே?

2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகா சந்தோஷ் கோப்பையை வாங்கியது. 54 ஆண்டுக்குப் பிறகு. அன்றிரவு நம் தெருவில் பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை. ஆட்டம் சவூதியில், பெரிய சேனல் எதிலும் பேச்சில்லை, யாருக்குத் தெரியும்? தெரியாத ஒன்றை ஜனங்கள் எப்படிக் கொண்டாடுவார்கள்?

2025 ஜூனில் ஆர்.சி.பி. கோப்பை வாங்கிய மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளை வைத்து இந்த வாதத்தில் புள்ளி எடுக்க எனக்கு மனமில்லை. போனவர்கள் நம் பிள்ளைகள். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யாதது கூட்டத்தின் தப்பில்லை, அதோடு விடுகிறேன்.

கிரிக்கெட் ஆடுற எல்லாருக்கும் காசு கொட்டுதா?

இல்லை. பெண்களைக் கேளுங்கள். 1976-ல் பாட்னாவில் வெஸ்ட் இண்டீஸை வென்று இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் வெற்றி கண்டபோது கேப்டன் சாந்தா ரங்கசாமி. சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர், இந்தியப் பெண்களில் முதல் டெஸ்ட் சதம் அடித்தவர். அந்தக் காலத்தில் பெண்கள் அணி ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டியில் போகும், பள்ளிக்கூடத் தரையில் படுக்கும். 2006 வரை பெண்கள் ஆட்டம் கிரிக்கெட் வாரியத்துக்குள்ளேயே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தது 2022-ல். 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக் கோப்பையை வென்றார்கள்.

மூன்றே ஆண்டு இடைவெளி. காசும் கேமராவும் போன இடத்தில் ஆட்டம் எப்படி வளர்கிறது என்பதற்கு, முரண்பாடாக, கிரிக்கெட்டே சாட்சி.

எம் பையனுக்கு 12 வயசு, ஃபுட்பால்னா உசிரு. வீட்டுக்காரர் கிரிக்கெட் கோச்சிங்ல சேர்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். என்ன பண்றதுண்ணா?

அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள் அக்கா. ஐ.பி.எல்.லில் பத்து அணி. ஒரு அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் எட்டுப் பேர் வரை வெளிநாட்டுக்காரர். நாடு முழுக்க இந்தியர்களுக்கு இருக்கும் இடம் இருநூறைத் தொடாது. அந்த வரிசையில் எத்தனை லட்சம் அப்பாக்கள் நிற்கிறார்கள்? பேட் ஒன்று நல்லதாக வாங்கினால் பத்தாயிரத்தைத் தாண்டும். கால்பந்துக்கு ஒரு ஜோடி ஸ்டட்ஸ், ஷின் பேட், போதும்.

கால்பந்து சோறு போடுமா என்றால், பெரும்பாலோருக்குப் போடாது. அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் வழிகள் இருக்கின்றன. மத்திய அரசின் குரூப் சி நேரடி நியமனங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கலாம். ரயில்வேயும் காவல்துறையும் இன்னும் எடுக்கிறார்கள். ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனிகள் சின்ன வயதிலேயே எடுத்துப் படிப்பும் பயிற்சியும் சேர்த்துத் தருகின்றன. கேலோ இந்தியாவில் தேர்வானால் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் சான்றிதழ்தான் சாவி: மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்தப் போட்டியில் ஆடினாலும் அன்றே சர்டிஃபிகேட்டை வாங்கி ஃபைலில் போடுங்கள். “ஸ்டேட் ஆடினேன்” என்று சொல்லிக்கொண்டு காகிதம் இல்லாமல் அலையும் அண்ணன்மார் நம் ஏரியாவில் நிறைய.

பத்தாவது படிப்பை மட்டும் விட வேண்டாம். தாத்தா காலத்து ஐ.டி.ஐ. இன்று இல்லை.

வயசை ரெண்டு வருஷம் கொறைச்சுக் காட்டினா செலக்‌ஷன் ஈஸியாமே?

செய்யாதீர்கள். மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிக்கிறார்கள். மாட்டினால் பையன் ஆட்டமும் போகும், பெயரும் போகும். ஆலோசனை சொன்ன கோச்சு அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

ஆடறதுக்கு எடம் எங்க இருக்கு? எல்லாம் டர்ஃப் ஆயிடுச்சே?

இதுதான் உண்மையான கேள்வி. டர்ஃப் என்கிற வாடகைச் செயற்கைப் புல்தரையில் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். பத்துப் பையன்கள் பங்கு போட்டாலும் வாரம் ஒரு நாள்தான் கட்டுப்படியாகும். வாரம் ஒரு நாள் ஐவர் ஆட்டம் ஆடிப் பதினொருவர் ஆட்டத்துக்கு வீரன் வரமாட்டான். பெரிய மைதானத்தில் மண் தின்று வளர வேண்டும்.

கங்காதர செட்டி சாலை ஆர்.பி.ஏ.என்.எம். மைதானம், ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானம் போன்றவை இன்னும் மூச்சுவிடுகின்றன. மாநகராட்சி மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்: ஒரே இடத்தில் நாலைந்து டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச், ஒருவன் ஃபைன் லெக் இன்னொருவனுக்கு ஸ்லிப். மூலையில் குழந்தைகள் இரண்டு செருப்பை கோல் போஸ்ட்டாக வைத்துக்கொண்டு நிற்கும். எல்லாரும் நம் பிள்ளைகள்தான், யாரை விரட்டுவது? கேட்க வேண்டியது மாநகராட்சியை. தேர்தலுக்குத் தேர்தல் ஜிம் மெஷினும் நடைபாதையும் போட்டு மைதானத்தைச் சுருக்குகிறார்கள். வாரத்தில் இந்தந்த நாள் கால்பந்து, இந்தந்த நாள் கிரிக்கெட் என்று ஒரு பலகை மாட்டச் சொல்லுங்கள். பைசா செலவில்லை. இதைச் சில இடங்களில் பையன்களே பேசி முடித்திருக்கிறார்கள், பெரியவர்களை எதிர்பார்க்காமல்.

பொண்ணு ஆடணும்ங்கிறா. பாதுகாப்பா இருக்குமா? எதிர்காலம் இருக்கா?

பெண்கள் அணி இருக்கும் கிளப்பாகப் பாருங்கள். பெண் கோச்சோ, கூட வரும் பெண் மேனேஜரோ இருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நம் ஊர் கிக்ஸ்டார்ட் அணி 2023 இந்தியப் பெண்கள் லீக்கில் இறுதி ஆட்டம் வரை போனது. எதிர்காலத்துக்கு ஒரு உதாரணம்: கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆண்கள் அணி அதே காலத்தில் என்ன செய்தது என்று கேட்காதீர்கள்.

இங்க நல்ல லோக்கல் மேட்ச் எங்க பார்க்கலாம்?

அசோக் நகரில், கருடா மால் பக்கம் இருக்கிற பெங்களூர் ஃபுட்பால் ஸ்டேடியம். மாநிலச் சங்கத்தின் சூப்பர் டிவிஷன், அதற்குக் கீழே உள்ள டிவிஷன் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான். வேலை நாள் மதியத்திலும் நடக்கும், அதனால் கிளம்பும் முன் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.இ.ஜி. ஆடும் நாளாக இருந்தால் விடாதீர்கள், தொண்ணூறு நிமிடமும் ஓடுவார்கள். கேலரியில் லைன்ஸ்மேனைத் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றித் திட்டும் பெரியவர்கள் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவர்கள் பக்கத்தில் இடம் பிடியுங்கள். எந்தப் பையன் யார் பேரன், எந்த டீமிலிருந்து ஏன் வந்தான் என்பது வரை சொல்லிவிடுவார்கள்.